தோளுக்கேற்ற துப்பாக்கி

எஸ்கோ மொய்லானென் தனக்கு வலிக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஒரே வேட்டைக் குழுவில் இருக்கிறேன். அவன் மனைவி சிர்க்கா எனக்கு நெருங்கிய தோழி. அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்படியும் என் காதுக்கு வந்திருக்கும்.

சில குளிர்காலங்களுக்கு முன்பு கூரைப் பனியைத் தள்ளப் போய் ஏணியோடு கீழே விழுந்தான். விழுந்தவன் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி மேலே ஏறி, மீதிப் பனியையும் தள்ளி முடித்தான். மறுநாள் காலையில் வழக்கம்போல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவர வேனை எடுத்தான். வேன் அவனுடையது. காட்டுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவதுதான் அவன் பிழைப்பு. நாலைந்து நாள் கழித்துப் பின்சீட்டில் இருந்த ஒரு சின்னப் பெண்தான் கவனித்தாள்: டிரைவர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் குறுக்கே எட்டி, வலது பக்கம் இருக்கிற கியரைப் போடுகிறார். அவள் அம்மாவிடம் சொன்னாள், அம்மா சிர்க்காவிடம் சொன்னாள், சிர்க்கா அவனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வலது காறை எலும்பு உடைந்திருந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது என்று பதில் சொன்னானாம்.

எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தான். கயானி நகரத்துக்கு வடக்கே, ஏரியும் பைன் காடும் சதுப்புமாக இருக்கும் இந்தப் பக்கத்தில் அதை ஒரு குணம் என்றே யாரும் நினைப்பதில்லை. எஸ்கோ கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நான் தைமி. வருஷம் முழுக்கத் தபால் கொடுக்கிறேன். இலையுதிர் காலத்தில் மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் வேட்டை தொடங்கிவிட்டால் குழுவின் நாய்க்காரி. என் ஹல்லி சாம்பல் நிற நாய், சுருட்டிய வால், ஊரைக் கூட்டும் குரல். அது காட்டுக்குள் போய் மூஸைக் கண்டுபிடித்துக் குரைத்துக் கிளப்பும். துப்பாக்கிக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். மூஸ் யார் பக்கம் வருகிறதோ அவர் சுட வேண்டும். சரியாகச் சுட்டால் அங்கேயே விழும். தவறாகச் சுட்டால் அடிபட்ட மிருகம் காட்டுக்குள் போய்விடும். அப்போது எல்லாருக்கும் வேட்டை நின்றுவிடும். மற்றவர்கள் தீ மூட்டி உட்கார்ந்துவிடுவார்கள். நானும் ஹல்லியும் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அது கிடைக்கிற வரைக்கும். ஒரு பிராணி வயிற்றில் குண்டோடு படுத்து எழுந்து, படுத்து எழுந்து போன இடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே நடப்பது எப்படி இருக்கும் என்று தீப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் மோசமாகச் சுடுகிறவன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

அந்தக் கோபம் மூன்று இலையுதிர் காலமாக எஸ்கோமேல் இருந்தது. முன்பெல்லாம் அவன் சுட்டால் ஹல்லிக்கு வேலை இருக்காது. பிறகு என்ன ஆயிற்றோ, ஒரு வருஷம் முற்றிலும் தவறவிட்டான். அடுத்த வருஷம் காலில் பட்டது. போன வருஷம் சதுப்போரத்தில் ஒரு பெண்மூஸின் வயிற்றில் சுட்டுவிட்டான். அன்று முழுக்கத் தேடி, மறுநாளும் போய்த்தான் அதைக் கண்டுபிடித்தோம். உயிரோடுதான் இருந்தது. நான்தான் சுட்டு முடித்தேன். திரும்பி வந்தபோது எஸ்கோ எழுந்து என் எதிரே வந்து நின்றான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். என் முதுகுப்பையை வாங்கிக்கொண்டான், அதோடு சரி.

வேட்டைக்காலம் முடிந்ததும் நிலம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு மூஸ் சூப் ஊற்றுவது எங்கள் வழக்கம். அவர்கள் காட்டில்தானே வேட்டையாடுகிறோம். ஊர் மன்றத்தில் பெரிய அண்டாக்களில் சூப் கொதித்துக்கொண்டிருக்க, குழுத் தலைவன் வெய்க்கோ கரண்டியோடு நின்றிருந்தான். வெய்க்கோ மர லாரி ஓட்டுகிறவன், வாசலை அடைக்கிற ஆள். அவன் வைத்திருக்கும் துப்பாக்கியும் அந்த அளவுக்குப் பெரியது. எஸ்கோ கிண்ணத்தை நீட்டியபோது, வெய்க்கோ தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது.

"அடுத்த வருஷமும் இப்படின்னா, நீ இந்த அண்டாப் பக்கம் நின்னுக்கோ எஸ்கோ. காட்டுக்கு வர வேண்டாம்."

"துப்பாக்கி கெட்டுப்போச்சு. மாத்திடறேன்" என்றான் எஸ்கோ.

"மாத்து" என்றான் வெய்க்கோ. சூப்பை நிறையவே ஊற்றினான். அவன் கெட்டவன் இல்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது சிர்க்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் எஸ்கோ பேசுவதெல்லாம் காபி வேண்டும், காபி போதும் என்ற அளவில்தான். காட்டில் அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்தால் மட்டும் அவன் வேறு ஆள். கதை சொல்வான், சிரிப்பான், அடுத்தவன் கதையைத் திருத்துவான். அந்தப் பத்துப் பேரை விட்டால் அவனுக்கு வேறு கூட்டாளிகள் கிடையாது.

"அதையும் பிடுங்கிட்டா இந்த மனுஷன் வீட்டுல உக்காந்து சுவரைத்தான் பாத்துட்டிருக்கும், தைமி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நானும் அவளுக்காகக் கவலைப்பட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் எஸ்கோவின் துப்பாக்கிதான் பேச்சு. பெட்ரோல் பங்க்கில் இருக்கிற காபிக்கடையில் காலையில் ஒரு மேசை நிறைய ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் தபால் பையோடு உள்ளே போகும்போதெல்லாம் ஆளுக்கொரு யோசனை ஓடிக்கொண்டிருக்கும். எல்லா யோசனையும் ஒரே திசையில்தான் போனது: இன்னும் பெரிய தோட்டா, இன்னும் அதிக வேகம், இன்னும் அதிக அடி. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கும் கலெர்வோ, எங்கள் குழுவின் வாயாடி, மூஸ் என்ன, ரயில் எஞ்சினையே நிறுத்தக்கூடிய ஒன்றைச் சிபாரிசு செய்தான். எங்கே பட்டாலும் விழும், அதனால் குறியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பது அவன் கட்சி. எங்கே பட்டாலும் விழும் என்று நம்பியவர்கள் சுட்ட மூஸ்களுக்குப் பின்னால் நான் எத்தனை சதுப்பு கடந்திருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன். தபாலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எஸ்கோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். படகு மோட்டாரை விற்ற காசு அவன் கையில் இருந்தது. வேனுக்கு டயர் மாற்றியது போக மிச்சம், ஒரு நடுத்தரத் துப்பாக்கிக்கும் அதன் தொலைநோக்கிக்கும் போதும். வழவழவென்று வாதுமைக் கட்டை போட்ட ராஜா துப்பாக்கிகளுக்குப் போதாது. ஒரு தடவைதான் வாங்க முடியும், அது தவறாகப் போகக்கூடாது என்று சிர்க்காவிடம் சொன்னானாம். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே அவளுக்குக் கலக்கமாக இருந்திருக்கிறது.

மார்ச்சில் ஹல்லிக்கு ஊசி போட நான் கயானிக்குப் போக வேண்டியிருந்தது. எஸ்கோவும் பழைய துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு என் காரில் ஏறினான். போகிற வழியெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். பின்சீட்டில் ஹல்லியும் அப்படியே. இரண்டு பேரில் ஹல்லிதான் ஒரு தடவை கொட்டாவியாவது விட்டது.

துப்பாக்கிக் கடை பெர்த்தி ஒல்லியான ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி. எஸ்கோவின் துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் விளக்கு விட்டுப் பார்த்தான். துணியால் துடைத்து மறுபடி பார்த்தான். தொலைநோக்கியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான்.

"இதுல ஒரு குறையும் இல்லையே" என்றான். "உங்களுக்குப் புதுசு வித்தா எனக்குத்தான் லாபம். ஆனா இது நல்ல துப்பாக்கி."

எஸ்கோ அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்தவற்றில் ஒன்றைக் காட்டினான். கலெர்வோ சொன்ன எஞ்சின் நிறுத்தி. யாரோ வாங்கி ஒரு வருஷத்திலேயே திருப்பிக் கொடுத்தது, அதனால் விலை அவன் கைக்குள் இருந்தது. ஏன் ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெர்த்தி எடுத்துக் கொடுத்தான். எஸ்கோ அதைத் தூக்கி, எதிர்ச்சுவரில் இருந்த மூஸ் தலையைக் குறி பார்த்துத் தோளில் வைத்தான்.

நான் அவனுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். பின்கட்டை தோளைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அவன் கண்கள் இறுக மூடின. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். பிறகுதான் கட்டை தோளில் பட்டது, கண் திறந்தது.

குண்டே இல்லாத துப்பாக்கி. கடைக்குள், வெளிச்சத்தில்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் மனிதர்களிடம் இல்லை. குட்டியாக இருக்கும்போது யாராவது மடையன் காதருகில் சுட்டுத் தொலைத்துவிட்டால், அந்த நாய் பிறகு துப்பாக்கியைப் பார்த்தாலே இப்படித்தான் கண்ணைச் சிமிட்டும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும். ஓடாது, குரைக்காது. தைரியமான நாய்தான் இப்படிச் செய்யும், பயத்தை மறைக்கத் தெரிந்த நாய். அந்தச் சதுப்போரத்து மூஸின் வயிறு, அதற்கு முந்தின வருஷத்துக் கால் எல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டன.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு ஆளிடம் போய், உனக்குத் துப்பாக்கியைக் கண்டு பயம் என்று சொல்ல முடியாது. உன் பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னைக்கு வாங்க வேண்டாம், எஸ்கோ" என்றேன்.

"ஏன்?"

"என் காருல இடமில்லை" என்றேன். அதைவிட நல்ல பொய் வாய்க்கு வரவில்லை. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பெர்த்தியும் என்னைப் பார்த்தான், பிறகு துப்பாக்கியை வாங்கி மாட்டிவிட்டான். திரும்பி வரும்போதும் எஸ்கோ ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவை அது கோபத்தில்.

மே மாதம் பனி கரைந்து சுடும் மைதானத்துக்குப் பாதை திறந்தது. பழைய துப்பாக்கி கெட்டதுதான் என்று என் கண் முன்னாலேயே நிரூபித்துக் காட்டு, பிறகு நீ எதை வாங்கினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று எஸ்கோவிடம் சொன்னேன். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். கொசு இன்னும் கிளம்பவில்லை, வெயில் மெலிதாக அடித்தது, மூஸ் உருவம் வரைந்த அட்டை எதிரே நின்றது.

தோட்டாவை நான் போடுகிறேன், நீ குறியை மட்டும் பார் என்றேன். இரண்டு தோட்டா போட்டேன். இரண்டும் அட்டையின் வயிற்றுப் பக்கம் போய் விழுந்தன. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பார்த்தாயா என்பதுபோல. மூன்றாவதாக நான் போட்டது வெறும் பித்தளை, மருந்தில்லாத டம்மி. புது நாய்களைப் பழக்கும்போது துப்பாக்கியைக் காட்டுவதற்காக வைத்திருப்பது.

அவன் குறி பார்த்தான். விசையை இழுத்தான். டிக் என்றது. வெடிச் சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனால் துப்பாக்கியின் முனை, யாரோ மிதித்ததுபோல, ஒரு முழம் கீழே இறங்கியது. அவன் தோள் பின்னால் போயிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. பல்லைக் கடித்திருந்தான்.

பிறகு கண்ணைத் திறந்து, கீழே சாய்ந்து நின்ற குழலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நாயிடமும் அந்த நேரத்தில் பேசக்கூடாது.

அவன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். "வலிக்குது, தைமி" என்றான்.

"எங்க?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினான். காறை எலும்பு ஒட்டின இடத்தில் ஒரு முடிச்சு, கொட்டைப்பாக்கு அளவு. பின்கட்டை வந்து மோதுகிற இடம் சரியாக அதுவேதான்.

"சிர்க்காகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரியும். நான் சொல்லலை." பொத்தானைப் போட்டுக்கொண்டான். "சுடறதுக்கு முன்னாடியே வலிக்க ஆரம்பிச்சிடுது. காலையில துப்பாக்கியை எடுக்கும்போதே வலிக்குது. அந்தப் பெண்மூஸ் வந்தப்ப நான் அதைப் பாக்கவே இல்லை."

எனக்கு இருந்த மூன்று வருஷக் கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவன் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவன் அழவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டான், அதனால் நானும் துடைத்துக்கொண்டேன்.

மேசைமேல் காபியை ஊற்றிவைத்துக்கொண்டு நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயந்த நாயை இன்னும் பெரிய சத்தத்தால் குணப்படுத்த முடியாது. சின்னச் சத்தத்திலிருந்து, தூரத்திலிருந்து, சாப்பாட்டோடு தொடங்க வேண்டும். உனக்கு வேண்டியது சின்னத் தோட்டா, கொஞ்சம் கனமான துப்பாக்கி, முனையில் உதையைக் குறைக்கிற சைலன்சர், தோளில் மெத்தென்று ரப்பர்.

"சின்னத் தோட்டாவா? அது பொம்பளைங்க தோட்டாம்பாங்க."

"நான் பொம்பளைதான். அதே தோட்டாதான் இருபது வருஷமா சுடறேன். நான் சுட்ட மூஸ் பின்னால ஹல்லி என்னைக்காவது நடந்திருக்கா?"

அவன் யோசித்தான். "இல்லை" என்று ஒப்புக்கொண்டான்.

போலீஸ் அனுமதி கைக்கு வந்ததும் மறுபடி பெர்த்தியின் கடைக்குப் போனோம். இந்தத் தடவை எஸ்கோ வேறு ஆளாக இருந்தான். வண்டி வாங்குகிறவனைப்போல வாங்கினான். விலை, பெயர், பளபளப்பு எதையும் பார்க்கவில்லை. பெர்த்தி எங்கள் நாட்டிலேயே செய்த, கருப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட, சாதாரணமான மூன்றை மேசைமேல் வைத்தான். எஸ்கோ பையிலிருந்து தன் குளிர்காலக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் போல்ட்டையும் மெதுவாக இழுத்துத் தள்ளினான், பிறகு வேகமாக, பிறகு குழலை மேலே சாய்த்து, கீழே சாய்த்து. எங்கே தட்டுகிறது என்று காது கொடுத்துக் கேட்டான். தோட்டாப் பெட்டியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்தான். கையுறையோடு, தவறிச் சுடாமல் பூட்டுகிற பொத்தானை அழுத்த முடிகிறதா என்று பார்த்தான். இந்தத் தோட்டா எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில் கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும், விலையும் குறைவு என்றான் பெர்த்தி. அப்படியானால் நிறையச் சுட்டுப் பழகலாம் என்று எஸ்கோ தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பிறகு, கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல், பின்கட்டையைக் கொஞ்சம் குட்டையாக்க முடியுமா, தோளில் இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும், வெளியே ஒரு முடிச்சு இருக்கிறது என்றான். அவ்வளவு நீளமாக அவன் தன் உடம்பைப் பற்றிப் பேசியது டாக்டரிடம்கூட இல்லை. பெர்த்தி பின்கட்டையின் முனையிலிருந்து ஒரு அடுக்கைக் கழற்றிவிட்டு, தடித்த ரப்பரை மாட்டிக் கொடுத்தான். தொலைநோக்கியில் விலை கூடினதைக் காட்டினான், எஸ்கோ வேண்டாம் என்றான். எங்கள் காட்டில் மூஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் வரும், நிலாவையா பார்க்கப்போகிறோம்.

அவன் தோளில் வைத்துப் பார்த்தபோது நான் கவனித்தேன். கண் மூடியது. ஆனால் அரைவாசிதான்.

அடுத்த வாரம் சிர்க்கா போன் செய்தாள். ஃப்ரீசரில் லிங்கன்பெரிப் பழ டப்பாக்களுக்கு நடுவே துப்பாக்கியின் போல்ட் இருக்கிறது, அவன் எடுக்க விட மாட்டேன் என்கிறான் என்றாள். குளிரில் எண்ணெய் இறுகி விசை தாமதிக்கிறதா என்று பார்க்கிறானாம். ஒரு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் எடுத்துப் பொருத்தி, முற்றத்தில் நின்று வெறும் துப்பாக்கியை டிக், டிக் என்று சொடுக்கிக்கொண்டிருக்கிறான் என்றாள். டிக் என்னும்போது முனை இறங்குகிறதா என்று கேட்டேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, இல்லை, மரம்போல நிற்கிறது என்றாள்.

கோடை முழுக்க மைதானத்துக்குப் போனோம். முதலில் அணில் சுடும் குட்டித் துப்பாக்கி, பிறகு புதியது. நல்ல குண்டு ஒவ்வொன்றுக்கும் நான் தீயில் வாட்டிய ஒரு துண்டு மக்கரா கொடுத்தேன். எங்கள் ஊர் சாஸேஜ் அது, ஹல்லிக்கும் உயிர்.

"நான் நாய் இல்லை, தைமி."

"நாயா இருந்தா இந்நேரம் குணமாகியிருப்பே."

அவன் சாப்பிட்டான். ஹல்லிக்கும் பங்கு கொடுத்தான். நடுநடுவே அவனுக்குத் தெரியாமல் டம்மியைப் போட்டுவைப்பேன். ஜூலையில் முனை ஒரு விரலளவு இறங்கியது. ஆகஸ்ட்டில் இறங்கவே இல்லை. வருஷாவருஷம் எல்லாரும் தேற வேண்டிய சுடும் பரீட்சையில் அவன் குண்டுகள் எல்லாம் வட்டத்துக்குள் விழுந்தன. காபிக்கடையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தோட்டாவின் அளவைப் பற்றித்தான் பேசினார்கள். அணில் சூப்புக்கு எத்தனை அணில் வேண்டும் என்று கலெர்வோ கேட்டான். எஸ்கோ காபியைக் குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டான்.

பரீட்சை அட்டை வேறு, மூஸ் வேறு. அக்டோபரில் முதல் நாள் காலை மூடுபனியாக இருந்தது. எஸ்கோவுக்கு வெய்க்கோ அதே சதுப்போர இடத்தைக் கொடுத்தான். வேண்டுமென்றேதான் கொடுத்தான். நான் ஹல்லியை அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் அதன் குரல் கேட்டது, பிறகு நகர்ந்தது, சதுப்பை நோக்கி. வேறு யார் பக்கமாவது போகக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

ஒரே ஒரு வெடி. சைலன்சர் போட்டதால் அமுங்கிய சத்தம், எஸ்கோவுடையதுதான்.

மூஸ் விழுந்தால் உடனே வாக்கி-டாக்கியில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹல்லியின் குரலும் நின்றுவிட்டிருந்தது. எஸ்கோ, என்ன ஆச்சு என்று வெய்க்கோ கேட்டான். பதில் இல்லை. நான் முதுகுப்பையை இறுக்கிக்கொண்டு, நீண்ட நடைக்குத் தயாராகிச் சதுப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். வழியெல்லாம் சிர்க்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்ப்ரூஸ் மரங்களைத் தாண்டியதும் பார்த்தேன். பெரிய கிடாமூஸ், நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது. ஹல்லி அதன் கழுத்து மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எஸ்கோ கொஞ்சம் தள்ளி ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். வாக்கி-டாக்கி பாசிமேல் கிடந்தது.

"ஏன்யா பதில் சொல்லலை?" என்று கத்தினேன்.

"பாத்தேன், தைமி" என்றான். கன்னம் ஈரமாக இருந்தது. "கடைசி வரைக்கும் பாத்தேன். விழறதைக்கூடப் பாத்தேன்."

நான் பாசியிலிருந்து வாக்கி-டாக்கியை எடுத்து, விழுந்தது என்று சொன்னேன்.

மத்தியானம் எல்லாரும் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குச்சிகளில் மக்கரா வெந்துகொண்டிருந்தது. அணில் துப்பாக்கி வேலை செய்கிறதே என்று கலெர்வோ சொன்னான், கிண்டலாக இல்லை. பழையதில் என்ன கோளாறு, குழல் தேய்ந்துவிட்டதா என்று வெய்க்கோ கேட்டான். எஸ்கோ ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் இடம் எப்படியும் அவனுக்கே. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வேனில் பிள்ளைகளிடம் பேசுகிறவனைப்போல நிதானமாகச் சொன்னான்.

"பழையதுல ஒண்ணுமில்லை. நல்ல துப்பாக்கி. எனக்குத்தான் தோள் வலிக்கும். வலிக்கும்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டேன். மூணு வருஷமா கண்ணை மூடிட்டுத்தான் சுட்டேன்."

ஒரு மக்கரா வெடித்துத் தீயில் கொழுப்பு சொட்டியது. கலெர்வோ வாயைத் திறந்தான், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. எல்லாரும் தலைவனைப் பார்த்தார்கள். எஸ்கோவும்தான்.

வெய்க்கோ குச்சியைக் கீழே வைத்தான். மேல்கோட்டின் ஜிப்பை இறக்கினான். உள்ளே கையை விட்டு, வலது தோளுக்கும் சட்டைக்கும் நடுவிலிருந்து எதையோ உருவி எடுத்து முழங்கால்மேல் வைத்தான். சமையலறையில் சூடான தட்டைப் பிடிக்கிற பஞ்சுக் கையுறை. நீலப் பூப் போட்டது.

"வீட்டுல இதை ரெண்டு வருஷமா தேடிட்டிருக்காங்க" என்றான்.

நான் சிரித்தேன். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஹல்லியும் எத்தனை சதுப்பு நடக்காமல் இருந்திருப்போம், எத்தனை மிருகம் வயிற்றில் குண்டோடு போகாமல் இருந்திருக்கும் என்று கேட்டேன். கலெர்வோ காபியைக் கிளறிக்கொண்டே, பெர்த்தியின் கடை வியாழக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டான்.

வியாழக்கிழமை என் காரில் அவ்வளவு பேருக்கும் இடமில்லை, இந்தத் தடவை நிஜமாகவே. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் எஸ்கோ வேனை பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிவந்தான். வெய்க்கோ பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான், கலெர்வோ அவன் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். எஸ்கோ தினமும் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில் பெல்ட் போடச் சொன்னான். பிறகு கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, யாருக்காவது எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டான்.

வெய்க்கோ கையைத் தூக்கினான்.